மேல்முறையீட்டில் பழைய மதிப்பெண்ணையே திரும்பச் சொல்லாதீர்கள்

கேள்வி: மகன் அமெரிக்காவில், வர்ஜீனியா ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டி பள்ளியில் 2-ஆம் வகுப்புப் படிக்கிறான். ஏஏபி எனப்படும் மேம்பட்ட கல்வித் திட்டத்தின் முழுநேர வகுப்பு (லெவல் 4) கிடைக்கவில்லை. கோகாட் என்ற சிந்தனைத் திறன் தேர்வில் கணிதம் 136, வடிவம் 131, மொழி 112. இவனைவிடக் குறைவாக வாங்கிய பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்துவிட்டது. அப்பீலில் இதை எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். ஃபேர்ஃபாக்ஸில் கட்-ஆஃப் கிடையாது. மதிப்பெண், 'ஹோப்' எனப்படும் ஆசிரியர் மதிப்பீடு, பிள்ளை செய்த வேலைகள் என எல்லாம் அடங்கிய கோப்பைத்தான் குழு பார்க்கிறது. அடுத்த வீட்டுக் கோப்பில் ஆசிரியர் என்ன எழுதினார் என்று உங்களுக்குத் தெரியாதே!

அப்பீலுக்குப் புதிய தகவல் வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: பழைய எண்களையே உருக்கமான நடையில் மறுபடி எழுதி அனுப்புகிறார்கள்.

முதலில், பள்ளியில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் ஏஏஆர்டி ஆசிரியரிடம் கோப்பின் நகலை மின்னஞ்சலில் கேளுங்கள். இன்றே கேளுங்கள். மாணவர் பதிவுகள் பற்றிய ஃபெர்பா சட்டப்படி கோப்பைக் காட்டப் பள்ளிக்கு 45 நாள் வரை அவகாசம் உண்டு. அப்பீல் கெடு அதுவரை காத்திருக்காது. நகல் வந்ததும் ஹோப் படிவத்தைப் பாருங்கள். வகுப்பில் வாய் திறக்காத பையனுக்கு அங்கேதான் அடி விழுந்திருக்கும்.

உங்கள் மகனின் 136, நூறு பேரில் ஏறக்குறைய 99 பேரைத் தாண்டிய எண்; 112 என்பது 77 பேரை. ஆக, ஓட்டை மொழிப் பகுதியில். அதை அடைக்க ஒரு வழி, உரிமம் பெற்ற உளவியலாளரிடம் விஸ்க்-5 என்ற அறிவுத்திறன் (ஐக்யூ) தேர்வு. ஒருவருக்கு ஒருவராக, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். வீட்டில் தமிழ் பேசுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொற்பொருள் கேள்விகளுக்குப் பிள்ளை ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். நிதானமாக எழுதும் பிள்ளைக்கு வேகப் பகுதி மொத்த எண்ணைக் கீழே இழுக்கும். அதனால் வேகமும் நினைவாற்றலும் சேராத, ஜிஏஐ எனப்படும் பொதுத் திறன் எண்ணையும் அறிக்கையில் போடச் சொல்லுங்கள். அறிக்கை கைக்கு வர நாளாகும், எப்போது தருவார்கள் என்று கேட்ட பிறகே தேர்வுக்குத் தேதி வாங்குங்கள். 130-ஐ ஒட்டி வராவிட்டால் அனுப்பாமலே இருக்கலாம் என்பது எங்கள் கருத்து. பழக்கத்தால் எண் ஏறிவிடும் என்பதால், அதே தேர்வை ஓராண்டுக்குள் மறுபடி எழுத வைக்க நல்ல உளவியலாளர் ஒப்பமாட்டார்.

அப்பீலோடு தரும் வேலை மாதிரிகளில் கூமான் பயிற்சித் தாள்களும் அபாகஸ் போட்டிப் பரிசும் வேண்டாம். அவை பயிற்சியைக் காட்டும், யோசனையைக் காட்டாது. அவனாக ஒரு விளையாட்டுக்கு விதி எழுதியிருப்பான், ஒரே கணக்கை இரண்டு வழியில் போட்டிருப்பான், ஏதோ ஒரு கதைக்கு வேறு முடிவு எழுதியிருப்பான். எழுத்துப்பிழை, அடித்தல் திருத்தலோடு அப்படியே கொடுங்கள். நீங்கள் கைவைத்தால் பெரியவர் மொழி காட்டிக்கொடுத்துவிடும். மொழி எண் குறைந்திருப்பதால் ஒரு மாதிரியாவது எழுத்தாக இருக்கட்டும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். "புத்திசாலி", "சலிப்படைகிறான்" என்ற சொற்களுக்குப் பதில் நடந்ததைச் சொல்லுங்கள்: என்ன கேட்டான், பதில் கிடைக்காதபோது என்ன செய்தான். ஒவ்வொரு பத்தியும் கோப்பில் இல்லாத ஒன்றைச் சொல்கிறதா என்று சரிபாருங்கள். கடைசித் தேதியும் பக்க வரம்பும் இந்த ஆண்டுப் படிவத்தில் இருக்கும். சென்ற ஆண்டு அனுப்பிய நண்பரிடம் கேட்காதீர்கள்.

அப்பீல் முடிவே இந்த ஆண்டுக்கு இறுதி. அடுத்த ஆண்டு மறுபடி பரிந்துரைக்கலாம். அதுவரை லெவல் 3 பகுதிநேர வகுப்பைப் பற்றி அதே ஏஏஆர்டியிடம் கேளுங்கள். அங்கே செய்யும் வேலைகளைத் தேதி போட்டு ஒரு உறையில் சேர்த்து வையுங்கள்.