தொட்டித் தண்ணீர் டீ நிறமாகிவிட்டது, கட்டையை எடுத்துவிடலாமா?

கேள்வி: 60 லிட்டர் தொட்டியில் புதிதாக ஒரு ட்ரிஃப்ட்வுட் (அலங்கார மரக்கட்டை) வைத்தேன். மூன்றே நாளில் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. தினமும் பாதித் தண்ணீரை மாற்றுகிறேன், மறுநாளே நிறம் திரும்பிவிடுகிறது. மீன்களுக்கு ஆபத்தா? கட்டையை எடுத்துவிடட்டுமா?

பதில்: முதலில் அந்தத் தினசரி மாற்றத்தை நிறுத்துங்கள். பழுப்பு நிறத்தைவிட அதுதான் மீன்களைப் பாடுபடுத்தும். தினமும் பாதித் தொட்டியைக் காலி செய்தால் வெப்பநிலையும் பிஎச்சும் (தண்ணீரின் அமில-கார அளவு) ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு வெள்ளைக் கோப்பையில் தொட்டித் தண்ணீரை மொண்டு பாருங்கள். பால் சேர்க்காத டீ மாதிரி நிறம், ஆனால் கோப்பையின் அடி பளிச்சென்று தெரிகிறதா? அப்படியானால் அது டேனின், கட்டையிலிருந்து ஊறி இறங்கும் சாயம். டீத்தூளில் இருப்பதும் இதே வகைச் சரக்குதான். அடி தெரியாமல் வெண்மையாகக் கலங்கியிருந்தால் அது பாக்டீரியா பெருக்கம். அதற்கும் கட்டையின் சாயத்துக்கும் சம்பந்தமில்லை.

டேனினால் மீன்கள் சாகாது. கார்டினல் டெட்ரா மீனின் தாயகமான, தென் அமெரிக்காவின் ரியோ நெக்ரோ ஆறே இந்த நிறத்தில்தான் ஓடுகிறது. டெட்ரா, பெட்டா, டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் காசு கொடுத்து நாட்டுப் பாதாம் இலை வாங்கிப் போட்டு இந்த நிறத்தை வரவழைப்பதும் உண்டு! டேனின் லேசான அமிலம் என்பதால், மென்னீராக இருந்தால் பிஎச் கொஞ்சம் இறங்கும். கடின நீரில் பெரும்பாலும் அசையாது. ஆப்பிரிக்க சிக்லிட் போன்ற கடின நீர் மீன்கள் இருந்தால் மட்டும் அவ்வப்போது பிஎச் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ரொம்பக் கருத்தால் செடிகளுக்கு வெளிச்சம் குறையும், அவ்வளவுதான்.

சரி, நிறம் பிடிக்கவில்லை என்றால்? கட்டையை வெளியே எடுத்து, பெரிய பாத்திரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் கருத்ததும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மறுபடி கொதிக்க வையுங்கள். மூன்றாவது நான்காவது முறையில் நிறம் வெளிறுவது கண்ணுக்கே தெரியும். அதற்காக நாள் முழுக்க வேக வைக்காதீர்கள், மரம் மெத்தென்றாகிவிடும். பாத்திரத்தில் அடங்காத கட்டை என்றால் வாளியில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். மோபானி என்ற ஆப்பிரிக்க மரத்தின் கட்டை என்றால் இன்னும் பொறுமை வேண்டும், அது சாயம் விடுவதில் கெட்டிக்காரன். சோப்பு மட்டும் கூடவே கூடாது. மரம் அதைக் குடித்துவைத்து, பிறகு தொட்டிக்குள் கக்கும்.

தொட்டியில் ஏற்கெனவே இறங்கிய நிறத்துக்கு, ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் (நிறத்தை உறிஞ்சும் கரி) ஒரு பை போடுங்கள். சில நாட்களில் தெளியும். மூன்று நான்கு வாரத்தில் அதன் உறிஞ்சும் சக்தி தீர்ந்துபோகும் என்பதால் மாற்ற வேண்டும். மீன்களுக்கு மருந்து விடும்போது கார்பனை எடுத்துவிடுங்கள், மருந்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். கூடவே வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர், குளோரின் நீக்கியது, மாற்றினால் போதும்.

அப்புறம், புதுக் கட்டையில் சில நாளில் வெள்ளையாக வழவழவென்று ஒரு படலம் வரும். பயப்பட வேண்டாம். நத்தைகளும் இறால்களும் அதைத் தின்றே தீர்த்துவிடும். இல்லாவிட்டால் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுங்கள். ஆனால் நகத்தால் அழுத்தினால் கட்டை உள்ளே போகிறது, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது என்றால் அது உளுத்துவிட்ட மரம். அதை மட்டும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.