சிக்னல் போனதால் கிரேடு குறைந்த கடலூர் தம்பிக்கு (2020 கொரோனா காலக் கடிதம்)

தம்பி, குறிஞ்சிப்பாடி பக்கம் சிக்னல் போய் ஆன்லைன் டெஸ்ட் பாதியில் நின்று, இன்டர்னல் மார்க் குறைந்து, அதனால் நான்காம் செமஸ்டர் கிரேடே இறங்கிவிட்டது என்கிறீர்கள், இது நியாயமே இல்லை. கொரோனாவால் செமஸ்டர் தேர்வு நடத்த முடியாவிட்டால் எப்படி மார்க் போடுவது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 ஏப்ரலில் சொன்னது 50 சதவீதம் இன்டர்னல், 50 சதவீதம் முந்தைய செமஸ்டர் மார்க். செமஸ்டர் தேர்வே நடக்காதபோது இன்டர்னலுக்குப் பாதி கனம் வந்துவிடுகிறது. ஆனால் அதே வழிகாட்டுதலில், கிரேடை உயர்த்த விரும்புபவர் அடுத்த செமஸ்டரில் சிறப்புத் தேர்வு எழுதலாம் என்றும் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் துறைத்தலைவரிடம் மறு டெஸ்ட் கேளுங்கள், வாயால் இல்லை, எழுத்தில். ஸ்கிரீன்ஷாட் இருந்தால் சேருங்கள். மறுத்தால் பிரின்சிபால் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அப்புறம், ஊரில் இன்னும் நாலு பேருக்கு இதே கதி என்றீர்களே, எல்லாரும் சேர்ந்தே கையெழுத்துப் போடுங்கள்.