லூகா இருந்தால் கோப்பை நிச்சயமா?

கேள்வி: கூடைப்பந்து வீரர் லூகா டோன்சிச் எந்த அணியில் இருக்கிறாரோ அந்த அணிக்குத்தான் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) பட்டம் என்கிறார்களே, அவரை அளவுக்கு மீறித் தூக்கி வைக்கிறோமா?

பதில்: ஆட்டக்காரராக அவரை யாரும் தூக்கி வைக்கத் தேவையில்லை. 2023-24 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 33.9 புள்ளி, லீக்கிலேயே முதலிடம். பட்டக் கணிப்பில் மட்டும், ஆமாம், மிகைப்படுத்துகிறோம்.

2024 இறுதிச்சுற்றின் மூன்றாவது ஆட்டத்தை விடிகாலையில் எழுந்து பார்த்தேன். பாஸ்டனிடம் 21 புள்ளி பின்தங்கிய டல்லாஸ், அதாவது அப்போதைய லூகாவின் அணி, கடைசிக் குவார்ட்டரில் விரட்டி வந்து மூன்று புள்ளிக்குள் நெருங்கிவிட்டது. நான்கு நிமிடம் சொச்சம் பாக்கி. பாஸ்டனின் ஜேலன் பிரவுன் பந்தோடு பாய, லூகா குறுக்கே விழுந்தார். ஆறாவது ஃபவுல், ஆறானால் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும்! தரையில் உட்கார்ந்தபடியே ரிவ்யூ கேட்கச் சொல்லித் தன் பெஞ்சைப் பார்த்துக் கத்தினார். கேட்டார்கள், பலிக்கவில்லை. 106-99 என்று டல்லாஸ் தோற்றது. எனக்கு மனசே ஆறவில்லை. அந்தத் தொடர் முழுக்கவே பாஸ்டன் அவருடைய தற்காப்பைத்தான் குறிவைத்து அடித்தது.

சரி, பிறகு லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்குப் போனார். அவருக்காக உயரமான ஆந்தனி டேவிஸையே லேக்கர்ஸ் கொடுத்ததில் கூடைக்கடியில் நிற்கச் சரியான ஆள் இல்லாமல் போயிற்று. 2025 முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் 4-1 தோல்வி. ஐந்தாவது ஆட்டத்தில் மினசோட்டாவின் உயரமான ரூடி கோபேர் மட்டும் 27 புள்ளி, 24 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). அதை லூகா எப்படித் தடுப்பார்? கூடைக்கடியில் காக்க உயரமான ஒரு நல்ல சென்டரும், வெளியே ஓடி ஓடி மறிக்க இரண்டு பேரும் அவர் பக்கத்தில் இருந்தால் என் ஓட்டு லூகாவுக்குத்தான்.