காய்ச்சல் போயிட்டு, காது இரைச்சல் போகலியே அக்கா!

கேள்வி: டாக்டரக்காவுக்கு வணக்கம். எனக்கு 38 வயசு, களக்காடு பக்கம் ஊரு, வாழைத்தோட்ட வேலைக்குப் போவேன், வீட்ல ஆடும் உண்டு. ஐப்பசி மழைக்கு அப்புறம் பத்து நாளா விடாத காய்ச்சல், மண்டைவலின்னா அப்படி ஒரு மண்டைவலி, கடைசியில ஆஸ்பத்திரில இடுப்புல கருப்பா ஒரு பொருக்கு இருந்தத பாத்துட்டு உண்ணிக்காய்ச்சல்னு சொல்லி மாத்திரை குடுத்தாவ, ரெண்டு நாள்ல காய்ச்சல் விட்டுட்டு. ஆனா மாசம் ஒன்னரை ஆகியும் வலது காதுல ராவும் பகலும் கொய்ங்னு இரைச்சல், ஃபோன அந்தக் காதுல வச்சா சரியா கேக்க மாட்டேங்கு, வாயத் தொறந்தா தவடை டக்குனு சொடுக்குது, கட்டில்ல புரண்டு படுத்தா வீடே சுத்துது. பக்கத்து வீட்டு மைனி பித்தம்ங்காவ, மாமியார் காதுல எண்ணெய காய்ச்சி ஊத்தச் சொல்லுதாவ, அமெரிக்காவுல கனெக்டிகட்ல இருக்க தம்பி இது லைம் நோயாக்கும்னு சொல்லுதான், வீட்டுக்காரரோ எல்லாம் உன் நெனப்புங்காரு. நான் என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, மொதல்ல இத உங்க வீட்டுக்காரர்ட்ட படிச்சுக் காட்டுங்க. இது நெனப்பு இல்ல. உண்ணிக்காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ், காதைத் தொடும்ங்கது டாக்டர்களுக்குத் தெரிஞ்ச விஷயம், இலங்கை டாக்டர்கள் 2006லயே இந்தக் காய்ச்சல்ல திடீர்னு காது கேக்காம போனவங்கள பத்தி எழுதியிருக்காங்க. அந்தக் கிருமி ரத்தக்குழாயோட உள்சுவரப் பிடிக்கும், காதுக்குப் போற நரம்பும் அதுல அடிபடும், கேக்குறதுக்கும் தள்ளாடாம நிக்கிறதுக்கும் அந்த ஒரே நரம்புதான், அதனாலதான் இரைச்சலும் கிறுகிறுப்பும் சேந்தே வரும். எனக்கே பல வருஷம் முன்ன இந்தக் காய்ச்சல் வந்துச்சு, மூணு மாசம் காதுல சில்வண்டு கத்துன மாதிரி இருந்துச்சு, வைத்தியம் பாத்தவங்க ஒருத்தர் கூட காத பத்தி ஒரு வார்த்தை கேக்கல, அந்த வருத்தம் இன்னும் எனக்குண்டு, அதான் இவ்வளவு நீளமா எழுதுதேன்.

தம்பி சொல்றது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா அது அவன் இருக்க ஊரு நோய். லைம்ங்கதே கனெக்டிகட்ல ஒரு ஊரு பேருதான், 1975 வாக்குல அங்க பிள்ளைகளுக்கு முட்டி வீங்குனத வச்சு வெளிய தெரிஞ்சது, 1982ல பர்க்டார்ஃபர்னு ஒருத்தர் அதோட கிருமியக் கண்டுபிடிச்சார். அதுலயும் மூட்டோட தவடை வலிக்கும், முகம் ஒரு பக்கம் கோணும், காது இரையும், அதான் அவன் பயந்துட்டான். அங்க காட்டுப் பக்கம் நடந்துட்டு வந்தா கசகசா அளவுல கூட உண்ணி ஒட்டியிருக்கும்னு அவன ஜாக்கிரதையா பாக்கச் சொல்லுங்க. உங்களுக்கு வந்தது வேற, நம்ம ஆட்டு உண்ணி கூட இல்ல, புதர்லயும் புல்லுலயும் இருக்க கண்ணுக்கே சரியா தெரியாத பூச்சிக்குஞ்சு கடிச்சு வர்றது, அந்தக் கருப்புப் பொருக்குதான் அதுக்கு சாட்சி.

இப்ப காது. எண்ணெய் வேண்டவே வேண்டாம், கோளாறு உள்காதுலயும் நரம்புலயும், செவியில ஊத்துற எண்ணெய் அங்க போகவே போகாது, சூட்டுல சவ்வுதான் வெந்து போகும். இந்த வாரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயி காது மூக்கு தொண்டை டாக்டர்ட்ட காட்டி, காது எவ்வளவு கேக்குதுன்னு பாக்குற ஆடியோகிராம் எடுங்க. திடீர்னு காது மங்குனா ரெண்டு வாரத்துக்குள்ள ஸ்டீராய்டு வைத்தியம் பாக்குறதுதான் நல்லது, உங்களுக்கு அந்த நாள் தாண்டிட்டு, அதுக்காக போகாம இருக்கக் கூடாது, எவ்வளவு கொறைஞ்சிருக்குன்னு தெரிஞ்சாதான் மேல என்னன்னு சொல்ல முடியும். போகும்போது டிஸ்சார்ஜ் சீட்ட மறக்காம கொண்டு போங்க, அதுல ஜென்டாமைசின், அமிகாசின்னு ஊசி ஏதும் போட்டிருந்தா டாக்டர்ட்ட எடுத்துச் சொல்லுங்க, அதுகளும் காதையும் நிதானத்தையும் கெடுக்கும். ராத்திரி ரொம்ப அமைதியா இருந்தா இரைச்சல் பெருசா கேக்கும், ஃபேனையோ ரேடியோவையோ மெல்லமா ஓட விட்டுப் படுங்க.

புரண்டு படுத்தா மட்டும் வீடு சுத்துது, கொஞ்ச நேரத்துல நிக்குதுன்னா, உள்காதுல இருக்க பொடிக் கல்லு எடம் மாறியிருக்கலாம், உள்காது அடிபட்டவங்களுக்கு இது வர்றது உண்டு. எப்லின்னு ஒரு முறை, தலையத் திருப்பித் திருப்பிப் படுக்க வச்சு அந்தக் கல்ல பழைய எடத்துக்கு உருட்டி விடுவாங்க, அஞ்சு பத்து நிமிஷ வேல, நெறைய பேருக்கு ஒண்ணு ரெண்டு தடவையிலயே சரியாகுது. அப்படி இல்லாம நடக்கும்போதே ஒரு பக்கமா தள்ளுச்சுன்னா நரம்பு பலவீனம், அதுக்கு கண்ணையும் தலையையும் அசைக்கிற பயிற்சி சொல்லித் தருவாங்க, செய்யும்போது கிறுகிறுங்கும், பயந்து விட்டுறாதீங்க, மூளை அப்படித்தான் பழகும். தலைசுத்து மாத்திரைய மாசக்கணக்கா முழுங்குனா அந்தப் பழக்கமே தள்ளிப் போகும். சரியாகுற வரைக்கும் பச்சையாத்துல தனியா குளிக்க எறங்காதீங்க, வண்டி ஓட்டாதீங்க, எந்திரிக்கும்போது கட்டில்ல ஒரு நிமிஷம் உக்காந்து எந்திரிங்க.

தவடை விஷயம் உங்கள மாதிரி நெறைய பேருக்கு. காதுக்கு முன்னால வெரல வச்சு வாயத் தொறந்து மூடுங்க, அசையுற அந்த மூட்டு செவியோட சுவத்த ஒட்டியே இருக்கு, அதனால அங்க வலிச்சா காது வலிக்கிற மாதிரியே இருக்கும். பத்து நாள் காய்ச்சலும் அப்புறம் தூக்கமில்லாத ராத்திரியும், நீங்க அறியாமலே பல்லக் கடிச்சிருப்பீங்கன்னுதான் எனக்குத் தோணுது. ரெண்டு வாரம் பனங்கிழங்கு, முறுக்கு, வெத்தல பாக்கு எதுவும் வேண்டாம், இடியாப்பமும் சொதியும், உளுந்தங்களி, கஞ்சின்னு சாப்பிடுங்க. சூடா துணி ஒத்தடம் குடுங்க, உதடு மூடியிருக்கட்டும், மேல்பல்லும் கீழ்பல்லும் தொடாம இருக்கட்டும், கொட்டாவி வந்தா தாடைக்குக் கீழ கைய முட்டுக் குடுங்க. கொறையலன்னா பல் டாக்டர்.

முகம் கோணுனாலோ, பேச்சு குழறுனாலோ, ரெண்டு ரெண்டா தெரிஞ்சாலோ, கழுத்து வெறச்சு திரும்பவும் காய்ச்சல் அடிச்சாலோ விடியட்டும்னு காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

கேள்வி: நாய் உண்ணி தோல்ல கடிச்சு ஒட்டிக்கிட்டா மண்ணெண்ணெய் வைக்கலாமா? தீக்குச்சியால சுடலாமா? (கடையம் வாசகர்)

பதில்: ரெண்டும் வேண்டாம் அண்ணாச்சி. சின்ன இடுக்கியால தோலை ஒட்டி அதோட வாய்ப் பக்கமா பிடிச்சு, முறுக்காம நசுக்காம மெதுவா நேரா இழுங்க, சோப்பு போட்டுக் கழுவுங்க. கடிச்ச தேதிய காலண்டர்ல குறிச்சு வைங்க, மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா டாக்டர்ட்ட அந்தத் தேதியச் சொல்லணும்.