மஞ்சள் அட்டையில் சிவப்புப் பொங்கல் பானை

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது, யுகேஜி படிக்கிறான். பொங்கல் லீவுக்கு நாத்தனார் மகளும் வருகிறாள், அவளுக்கு நாலரை. போன லீவில் ஆசையாக ஒரு அறிவியல் பெட்டி வாங்கினேன். அளப்பதும் கலப்பதும் நானேதான். பிள்ளைகள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். பண்டிகையோடு ஒட்டியதாக, அவர்கள் கையாலேயே செய்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன். இந்த வயதில் அறிவியல் புரியுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: புரியும், சகோதரி. பெட்டியில் பிள்ளைகளுக்கு வேலை இல்லாமல் போனதால்தான் எழுந்து போயிருக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளை விளக்கம் கேட்க உட்காராது. ஆனால் தன் கை பட்டு ஒன்று நிறம் மாறினால், "இன்னொரு தடவை" என்று கேட்கும். அதற்குப் பொங்கல் சமயத்தில் மஞ்சளைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தோன்றவில்லை. பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டப்போகிறோம், சமையலறையில் மஞ்சள் தூளும் இருக்கிறது. அதை வைத்து ஒரு பொங்கல் வாழ்த்து அட்டை செய்யுங்கள்.

முதலில் மஞ்சள் தாள். வழவழப்பான சார்ட் பேப்பர் வேண்டாம், ஓவிய நோட்டுத் தாள் நன்றாக உறிஞ்சும். ஒரு டீஸ்பூன் மஞ்சள் தூளில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழைத்து, பிள்ளைகளையே பிரஷ்ஷாலோ பஞ்சாலோ பூசச் சொல்லுங்கள். சமையல் மஞ்சளாக இருக்கட்டும். கஸ்தூரி மஞ்சளில் இந்த நிறச்சத்து குறைவு. அந்தச் சத்தின் பெயர் குர்குமின். அது தண்ணீரில் சரியாகக் கரையாது, அதனால் தாளில் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். பரவாயில்லை, காய்ந்ததும் தூளைத் தட்டிவிட்டால் போதும். ஆல்கஹால் கலந்த சானிடைசரில் குழைத்தால் நிறம் சீராக ஏறும். ஆனால் அது எளிதில் தீப்பற்றும் என்பதால் அந்த வேலையை அடுப்பிலிருந்து தள்ளி நீங்கள் செய்யுங்கள். தாளை நிழலில் உலர்த்துங்கள், வெயில் பட்டால் மஞ்சள் வெளுத்துவிடும். துணியில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் போட்டு எடுக்கிறோமே, அதே காரணம்தான். பழைய பனியனைப் போட்டுவிட்டு, தரையில் செய்தித்தாள் விரித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அப்புறம் படம். கால் டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவைக் கரையுங்கள். காது குடையும் பட்ஸை அதில் தொட்டு மஞ்சள் தாளில் பானை, கரும்பு, சூரியன் என்று எது வேண்டுமானாலும் வரையட்டும். தண்ணீர் போல இருந்தது பட்ட இடத்தில் செம்பழுப்பாக மாறும். மங்கலாகத் தெரிந்தால் குளியல் சோப்பைக் குழைத்த தண்ணீரில் வரையச் சொல்லுங்கள், சிவப்பு இன்னும் அழுத்தமாக வரும். மாறும் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அந்த முதல் வியப்பு அவர்களுக்குச் சொந்தமானது, அதை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதோடு நிறுத்தினால் அது கைவேலை மட்டும்தான். சிறு கிண்ணங்களில் எலுமிச்சைச் சாறு, மோர், சர்க்கரைத் தண்ணீர், உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் தொடும் முன் "இது சிவக்குமா, சிவக்காதா?" என்று கேளுங்கள். பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள், பாதி தப்பாகும், உடனே அடுத்ததற்குத் தாவுவார்கள். திருத்த வேண்டாம், தாளே சொல்லிவிடும். வீட்டில் இரண்டு மூன்று வகை சோப்பு இருந்தால் எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். மென்மையான சில குழந்தை சோப்புகளில் காரத்தன்மை இருக்காது, அதில் மஞ்சள் சிவக்காது. "இதுவும் சோப்புதானே, ஏன் மாறலை?" என்று ஒரு பிள்ளை கேட்டால், எனக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை. கடைசியாக, சோடாவில் வரைந்த இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சை. சின்னச் சின்னக் குமிழி வந்து, சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பும்.

உங்களுக்காகக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சோடா, சோப்பு போன்ற காரப் பொருள் பட்டதும் குர்குமின் மூலக்கூறு ஹைட்ரஜனை இழக்கிறது. அதனால் அது உறிஞ்சும் ஒளி மாறி, நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. புளிப்பு பட்டால் இழந்தது திரும்பக் கிடைத்துப் பழைய நிறம் வந்துவிடும். 1830களில் மைக்கேல் ஃபாரடே மின்சாரத்தால் உப்புக் கரைசல்களைப் பிரித்துப் பார்த்தபோது, காரம் எந்தப் பக்கம் சேர்கிறது என்று அறிய மஞ்சள் தடவிய தாளைத்தான் பயன்படுத்தினார். உங்கள் பிள்ளைகள் கையில் இருப்பது அதே தாள். ஆனால் அவர்களிடம் இப்போது அமிலம், காரம் என்ற சொற்களைத் திணிக்க வேண்டாம். "சோப்புப் பட்டா சிவக்குது, எலுமிச்சை பட்டா திரும்புது" என்று அவர்களே சொன்னால் போதும். மற்றதை ஏழாம் வகுப்பு பார்த்துக்கொள்ளும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆரத்தித் தண்ணீரும் இதே விதத்தில்தான் சிவக்கிறது, மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்வதால். வீட்டில் பெரியவர்கள் ஆரத்தி கரைக்கும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள், அட்டையில் பார்த்ததோடு அவர்களே முடிச்சுப் போடுவார்கள். ஆனால் சுண்ணாம்பை அவர்கள் கையில் கொடுக்கவே கூடாது. கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். துணி சோடாவும் வேண்டாம், தோல் எரியும். ஆப்ப சோடாவும் சோப்பும் தாராளமாகப் போதும். வரைந்து முடித்ததும் கை கழுவச் சொல்லுங்கள். விரலில் ஒட்டிய மஞ்சள் சோப்புப் பட்டுச் சிவப்பதை அங்கேயும் ஒரு தடவை பார்ப்பார்கள்.

அட்டை நன்றாகக் காய்ந்ததும் மடித்து, உள்ளே வாழ்த்து எழுதித் தாத்தா பாட்டிக்குத் தபாலில் அனுப்பலாம். போகிக்கு ஒரு வாரம் முன்பே செய்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரும். அட்டையில் பானையை மட்டும் வரைந்து, சூரியன் இருக்க வேண்டிய இடத்தை மஞ்சளாகவே விட்டு, "இங்கே சோப்புத் தண்ணீரைத் தொட்டு ஒரு வட்டம் போடுங்க தாத்தா" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்புங்கள்.