சூடானதும் நின்றுபோகும் மாருதி: எஞ்சினை இறக்கச் சம்மதிக்காதீர்கள்

கேள்வி: எங்களுடையது 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. காலையில் ஒரே செல்ப்பில் ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி, முக்கால் மணி ஓடியதும், குறிப்பாக டிராஃபிக்கிலும் கொடைக்கானல் மலைப்பாதையிலும், நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். டெம்பரேச்சர் முள் நடுவிலேயே இருக்கிறது. பிளக், பெட்ரோல் பம்ப் மாற்றியாயிற்று, கார்புரேட்டரும் கழுவியாயிற்று. இப்போது எஞ்சினை இறக்கி போர் பண்ண (தேய்ந்த சிலிண்டரைக் கடைய) வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். போர் தேய்ந்த எஞ்சின் காலைக் குளிரில்தான் முதலில் முரண்டு பிடிக்கும், புகை தள்ளும், ஆயில் குடிக்கும். காலையில் ஒரே செல்ப்பில் கிளம்புகிற வண்டிக்கு அந்தச் செலவு இப்போது தேவையில்லை. பிரச்சினை என்னவென்றால், ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேருவதற்குள் வண்டி ஆறிவிடுகிறது, கோளாறும் மறைந்துவிடுகிறது, அவர்களும் அனுமானத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றுகிறார்கள். நின்ற இடத்தில், சூடு ஆறுவதற்கு முன்பு, ஸ்பார்க் வரவில்லையா பெட்ரோல் வரவில்லையா என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எப்படி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் பக்கம். இழுவை குறைந்து, குலுங்கி, திணறி நின்றால் பெட்ரோல் பக்கம். மலையில் ஓடும்போது நின்றால் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்துப் பிடித்து ஓரம் கட்டுங்கள், விட்டு விட்டு மிதித்தால் பூஸ்டரில் இருக்கும் வேக்யூம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும்.

நின்றதும் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, வண்டியும் உடனே கிளம்பினால் மூடியின் காற்று வழிதான் அடைத்திருக்கிறது, புது மூடி போட்டால் போதும். இல்லையென்றால் மூடியை இறுக்கிவிட்டு ஸ்பார்க் பாருங்கள். ஸ்பேர் பிளக் ஒன்றை வயரில் மாட்டி, அதன் உடம்பு எஞ்சின் இரும்பில் படும்படி ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிடித்துக்கொண்டு இன்னொருவரை செல்ப் அடிக்கச் சொல்லுங்கள் (வெறும் கையால் பிடிக்கவே கூடாது). நீலமாகச் சடசடவென்று அடித்தால் சரி. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ, காயில் (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை உண்டாக்குவது), டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (அந்தக் கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது) இருக்கும் இக்னைட்டர், அல்லது பிளாட்டினம் பாயின்ட் வண்டியாக இருந்தால் கண்டன்சர், இவற்றில் ஒன்று. காயிலுக்குள் இருப்பது மெல்லிய செம்புக் கம்பிச் சுற்று. சூட்டில் விரிந்தால் தொடர்பு அறும், ஆறினால் மறுபடி ஒட்டும். அதனால்தான் ஆறின காயிலில் மீட்டர் வைத்துப் பார்த்தவர் நல்லாயிருக்கு என்று சொல்லிவிடுகிறார். சூட்டோடு அளக்கச் சொல்லுங்கள்.

ஸ்பார்க் நன்றாக இருக்கிறது என்றால் மட்டும் ஏர் கிளீனரைத் திறங்கள். சாவி ஆஃபில் இருக்கட்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. ஆக்சிலரேட்டர் லீவரைக் கையால் இழுத்தால் கார்புரேட்டர் தொண்டைக்குள் பெட்ரோல் மெல்லிய கோடாகப் பீச்ச வேண்டும். வரண்டு கிடந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை, அநேகமாக வேப்பர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்வது. பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே கொதிக்க ஆரம்பித்துவிடும், பானட்டுக்குள் அதைவிட எவ்வளவோ சூடு. பம்ப் பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து உறிஞ்சி இழுப்பதால் அந்தக் குழாயில் அழுத்தமும் குறைவு, குமிழி கட்டிவிடும். பம்ப் ஆவியைத்தான் தள்ளும். மலை ஏற்றத்தில் கியரைக் குறைத்து மெதுவாகப் போகும்போது காற்றோட்டமும் கிடையாது.

இங்கே ஒரு சந்தேகம். பம்ப் மாற்றினார்களே, பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே தடியான கறுப்பு பேக்கலைட் துண்டு திரும்பப் போட்டார்களா? சூடு தாவாமல் தடுப்பது அதுதான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் கேஸ்கெட்டோடு மாட்டுகிறவர்கள் உண்டு. அப்புறம் ரிட்டர்ன் ஹோஸ்: மிச்ச பெட்ரோலையும் குமிழியையும் டேங்குக்குத் திருப்பி அனுப்பும் குழாய். அதற்குள் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் ஹோஸ் அதற்குத் தாங்காது. உறிஞ்சும் பக்கத்து ஹோஸில் வெடிப்பு விட்டால் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது, காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். வளைத்துப் பார்த்தால்தான் விரிசல் தெரியும். எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கி எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள்.

அவசரத்துக்கு ஈரத்துணியை பம்ப் மேல் சுற்றி வைக்கலாம், பழைய டிரைவர்கள் செய்வதுதான். உடனே கிளம்பினால் அது உங்களுக்குச் சாட்சி, வைத்தியம் அல்ல.

கேள்வி: இதே தொல்லை என் 2004 எம்பிஎஃப்ஐ காரிலும் (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீச்சும் வகை) இருக்கிறது. இதே வழியில் பார்க்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: அதே கேள்விதான், பார்க்கும் இடம் வேறு. அதில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து அழுத்தத்தோடு தள்ளுவதால் வேப்பர் லாக் அபூர்வம். நின்றதும் சாவியை ஆன் செய்து காதைக் கொடுங்கள், பின்சீட் பக்கம் இரண்டு விநாடி ஊம் என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ரிலே அல்லது பம்ப். சத்தம் வந்தும் ஸ்பார்க் இல்லையென்றால் கிராங்க் அல்லது கேம் சென்சார்மேல் (எஞ்சின் சுழலும் நிலையை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்பவை) சந்தேகப்படுங்கள், சூட்டில் அவை படுத்துவிடுவது சகஜம். ஸ்கேனர் இருக்கும் கடைக்குப் போகும்வரை பேட்டரியைக் கழற்றாதீர்கள், கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும் கோளாறுக் குறியீடு அழிந்துவிடும்.