சாங்கி சரி, செங்காங் ஏன் சிதைகிறது?

கேள்வி: சிங்கப்பூரின் சில வட்டாரங்களில் பெய்த மாத மழையளவை ஒப்பிட்டு, பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் வரைய உதவும் மேட்பிளாட்லிப் நிரல்தொகுப்பின் 3.8 பதிப்பில் வரைபடம் வரைகிறேன். முதலில் பெயர்கள் வெற்றுக் கட்டங்களாக வந்தன. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவியும் கட்டங்கள் உடனே மறையவில்லை. இப்போது எழுத்துகள் வருகின்றன. ஆனால் 'சாங்கி' சரியாக இருக்க, 'செங்காங்', 'பொங்கோல்', 'ஈசூன்' ஆகியவை சிதைகின்றன. வேறு எழுத்துருக்களாலும் பயனில்லை. என்ன செய்வது?
– தொடக்கக் கல்லூரி மாணவி, தெம்பனிஸ்

பதில்: நீங்கள் கண்டவை இரண்டு தனித்தனிப் பிழைகள். ஒன்றைத் தீர்க்கும் வழியால் மற்றொன்று தீராது என்பதால்தான் எழுத்துருவை மாற்றியும் பயன் கிட்டவில்லை.

கட்டங்களுக்குக் காரணம் எளியது. மேட்பிளாட்லிப்பின் இயல்பான எழுத்துருவான டெஜாவு சான்ஸில் தமிழ் எழுத்துகள் இல்லை. அப்போது தோன்றும் எச்சரிக்கையில் விடுபட்ட எழுத்தின் யூனிகோடு எண், அதாவது கணினிகள் பொதுவாக ஏற்றுக்கொண்ட எழுத்துக் குறியீட்டு முறையில் அதற்குரிய எண், இருக்கும். 2965 என்றிருந்தால் அது 'க'. புதிய எழுத்துருவை நிறுவிய பின்பும் கட்டங்கள் நீடித்ததற்கு, மென்பொருள் தன் எழுத்துருப் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து வைத்து அதையே மறுபடியும் படிப்பது காரணமாக இருக்கலாம். அந்தக் கோப்பை நீக்கினால் பட்டியல் புதிதாக உருவாகும். 3.6 பதிப்பு முதல் எழுத்துருக்களை வரிசையாகக் கொடுக்க முடியும். டெஜாவு சான்ஸை முதலிலும் நோட்டோ சான்ஸ் தமிழை அடுத்தும் வைத்தால், எண்களும் கழித்தல் குறியும் முன்னதிலிருந்தும் தமிழ் எழுத்துகள் பின்னதிலிருந்தும் வரும்.

சிதைவின் காரணம் ஆழமானது. யூனிகோடில் 'செ' என்பது முதலில் 'ச', அதன் பின் ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில், அதாவது நாம் ஒலிக்கும் வரிசையில், சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னே நகர்த்துவதும், 'பொ'வில் மெய்யின் இருபுறமும் குறிகளைப் பிரித்து வைப்பதும், 'சூ'வை ஒரே வடிவமாக இணைப்பதும் 'ஷேப்பிங்' எனப்படும் தனிப் பணி. உலாவிகளில் பெரும்பாலும் ஹார்ஃப்பஸ் என்னும் நிரல்தொகுப்பு அதைச் செய்கிறது. நீங்கள் பயன்படுத்தும் பதிப்போ ஒவ்வொரு குறியீட்டுக்கும் உரிய வடிவத்தை எழுத்துருவிலிருந்து எடுத்து, சேமித்த வரிசையிலேயே அடுக்கிவிடுகிறது. அதனால் 'செங்காங்'கின் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் நிற்கிறது. 'சாங்கி'யில் இடம் மாற வேண்டிய குறி எதுவும் இல்லாததால் அது தப்பித்துக்கொண்டது. சிங்கப்பூர் இடப்பெயர்களில் கொம்புகள் மிகுதி என்பதால், நம் வரைபடங்களில் இந்தப் பிழை உடனே கண்ணில் படுகிறது.

நான் பரிந்துரைக்கும் வழி, படத்தை உலாவியில் திறக்கக்கூடிய எஸ்விஜி (SVG) என்னும் கோப்பு வடிவில் சேமிப்பது. ஆனால் அதற்கு முன் 'எஸ்விஜி ஃபாண்ட்டைப்' (svg.fonttype) என்னும் அமைப்பை 'நன்' (none) என்று மாற்றிவிடுங்கள். இயல்பான அமைப்பில் எழுத்துகள் வெறும் கோடுகளாக மாற்றப்பட்டு, சிதைவும் அப்படியே உறைந்துவிடும். மாற்றினால் எழுத்து எழுத்தாகவே கோப்பில் இருக்கும், உலாவியோ இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளோ அதைச் சரியாகக் கோத்துக் காட்டும். இங்க்ஸ்கேப்பிலிருந்து பிடிஎஃப் ஆகவும் ஏற்றுமதி செய்யலாம். பெயர்களின் நீளத்தை மேட்பிளாட்லிப் சிதைந்த வடிவத்தைக் கொண்டே கணக்கிடும் என்பதால், ஓரத்தில் சற்றுக் கூடுதல் இடம் விடுங்கள். லேடெக் (LaTeX) என்னும் ஆவண அச்சமைப்பு மென்பொருளில் பழகியவர்கள், மேட்பிளாட்லிப்பின் பிஜிஎஃப் (PGF) வெளியீட்டு வழியில் அதன் ஸீலேடெக் (XeLaTeX) வகையைப் பயன்படுத்தலாம். வரைபடம் வரையும் மற்றொரு மென்பொருளான க்னுபிளாட்டில் 'பிஎன்ஜி கெய்ரோ' (pngcairo) என்னும் வெளியீட்டு வகையைத் தேர்ந்தால் இந்தச் சிக்கலே எழாது.

கேள்வி: கொம்பை மெய்யெழுத்துக்கு முன்னால் தட்டச்சு செய்தால் மேட்பிளாட்லிப் படம் சரியாக வருகிறது. மாணவர்களுக்கு இதையே கற்றுக்கொடுக்கலாமா?
– ஆசிரியர், ஈசூன்

பதில்: வேண்டாம் என்று உங்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். படம் சரியாகத் தெரிந்தாலும், தரவில் இருக்கும் சொல் தமிழ்ச் சொல்லாக இராது. அதே அட்டவணையை உலாவியில் திறந்தால் கொம்பு புள்ளி வட்டத்தோடு தனித்து நிற்கும்; 'செங்காங்' என்று தேடினால் கிடைக்காது; அகரவரிசையும் பிறழும். சிங்கப்பூரில் 1997இல் தமிழ்க் கணிமைக்கான தமிழ்நெட் மாநாடு நடந்த காலத்து எழுத்துருக்கள் பலவற்றில் கொம்பு முன்னால்தான் சேமிக்கப்பட்டது. அந்த ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்ற எத்தனை பேர் உழைத்தார்கள் என்பதை எண்ணும்போது, அதே சிக்கலை மாணவர்களின் கோப்புகளில் புதிதாக உருவாக்க மனம் ஒப்பவில்லை.

ஏற்கெனவே அப்படித் தட்டச்சு செய்த கோப்புகள் இருந்தால், கொம்பையும் அடுத்துள்ள மெய்யையும் இடம் மாற்றும் சிறு பைத்தான் நிரல் எழுதி, பிறகு பிரிந்த குறிகளை ஒன்றிணைக்கும் என்எஃப்சி (NFC) என்னும் யூனிகோடு முறையில் இயல்பாக்குங்கள். பிரிந்து கிடக்கும் கொம்பும் காலும் அப்போது ஒரே ஒகரக் குறியாக இணையும். ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதிலாக 'ள' எழுத்தைத் தட்டியிருந்தால் மட்டும் அது இணையாது. அத்தகைய சொற்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தே திருத்த வேண்டும்.